இல்லை என்று போட்ட புள்ளடி

மலேரியா என்று டொக்டர் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். நாட்டில் ஒழிந்துபோன வருத்தம் சாய்ந்தமருதில் என் கணவரை மட்டும் எப்படித் தேடிப் பிடிக்கும்? வெளிநாடு போனவரா என்று கேட்டார். ஓம், மாணிக்கக்கல் வாங்க மடகஸ்கர் போய்வந்து பதினாலு நாள்தான் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

ஸலாஹுதீன் கட்டிலில் வெளிறிக் கிடந்தார். இரத்தம் குறைந்தால் சிறுநீரகம் ஒரு ஹோமோனை அனுப்பி, புதிதாக உண்டாக்கு என்று எலும்புக்குள் இருக்கும் மச்சைக்குச் சொல்லுமாம். இவருக்கும் அது சொல்லிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் மலேரியாவில் மச்சை அதைக் காதில் போட்டுக்கொள்ளாது என்றார் டொக்டர். பரிசோதனையில் புது அணுக்களைக் காணவே இல்லையாம். வெளியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். இவருடையது ஓ நெகடிவ். அம்பாறை வரை தேடி ஒரே ஒரு பை வந்திருந்தது.

"அஞ்சு நாள் காய்ச்சலுக்கு இவ்வளவு குறையாதே. வேற எங்கயும் இரத்தம் போனதா?"

"குடுத்தவர் டொக்டர். வந்து ரெண்டாம் நாள்."

டொக்டரின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்று இவருடைய தங்கை றிஸ்னாவுக்குப் பிள்ளைப்பேறு ஒப்பரேஷன். அவளும் அதே குறூப், இவருடைய இரத்தம்தான் அவளுக்கு ஏறியது. இரத்தம் கொடுப்பவருக்கான படிவத்தில் வெளிநாடு போனீர்களா என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்னால் இரத்தம் எடுக்கமாட்டார்கள், "இல்லை"யில் புள்ளடி போடுங்கள் என்று பக்கத்தில் நின்று சொன்னவள் நான். பெரிய கெட்டிக்காரி!

றிஸ்னாவுக்கும் மூன்று நாளாகக் காய்ச்சல். பால் கட்டிய காய்ச்சல் என்று பத்தியக்கறியும் பனடோலும் கொடுத்ததும் நான்தான்.

அவள் கணவன் றஊபுக்குப் போன் எடுத்து, டொக்டருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். காய்ச்சல் விட்டுவிட்டது, நன்றாக உறங்குகிறாள் என்றார். எழுப்பச் சொன்னேன். அவர் அவளைப் பேர் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது கேட்டது.

"எழும்புறாளில்ல. ஆள் வெளுத்துப்போய்க் கிடக்கா."

டொக்டர் அம்புலன்ஸ் அனுப்ப ஓடினார். தாதி இரத்தப் பையைக் கம்பியில் மாட்டிவிட்டு என் கணவரின் கையைப் பிடித்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இது அவளுக்கு வேணும். வெச்சிருங்க."

அவ்வளவு சொல்வதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. தாதி என்னைப் பார்த்தாள்.

"ஏத்தவா?"

எனக்குப் பயமாக இருந்தது. அவர் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இல்ல," என்றேன்.

தாதி பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள்.