அறுபத்து மூன்று வரிகள்

1

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு எவெனோர் என் கதவைத் தட்டி மடிக்கணினியை இரவல் கேட்டான். இந்தக் கதைக்கு என்னிடம் உள்ள ஆதாரம் அதுதான். மற்றதில் பெரும்பகுதியை அவனும் யெல்பாவும் சொன்னதிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மனாகுவாவில் மழை விட்ட பிறகு ஏரியின்மேல் ஒரு—

(நிறுத்திவிட்டேன். எவெனோருக்கு ஏரியைப் பார்க்க நேரமில்லை.)

அவன் டயருக்குப் பஞ்சர் ஒட்டுபவன். அவன் மனைவி யெல்பா சனிக்கிழமை எல்லை தாண்டி அடுத்த நாட்டில் இருக்கும் சான் ஹோசேவுக்குப் போகிறாள். அங்கே ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை, இரண்டு வருடம். வீடு முழுவதும் அவள் தலைக்குள் இருந்தது. அதை எங்காவது இறக்கிவைக்க வேண்டும். கணினியில் ஒரு தரவுத்தள மென்பொருளை ஏற்றி, அட்டவணை போடக் கற்றுக்கொடுத்தேன்.

2

மென்பொருள் முகவரிக்குத் தெருப்பெயரும் கதவு எண்ணும் கேட்டது. எங்கள் பேட்டையில் இரண்டும் கிடையாது. அவன் அந்தக் கட்டங்களை அழித்துவிட்டு ஒரே நீளக் கட்டத்தில் எழுதினான்: சினிமா கொட்டகை இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கமாக இரண்டு தெரு, மேலே அரைத் தெரு.*

அது மகள் மரியேலோஸுக்கு வலிப்பு மாத்திரை வாங்கும் கடை.

பிறகு வேலைகள். மூன்று பத்திகள்: என்ன, எப்போது, யார். யெல்பா பீன்ஸ் பயறில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். அவன் ஒற்றை விரலால் தட்டினான். அறுபத்து மூன்று வரிகள். மூன்றாம் பத்தியில் மேலிருந்து கீழ்வரை யெல்பா.

* இங்கே ‘மேலே’ என்றால் சூரியன் உதிக்கும் பக்கம். கொட்டகை பூகம்பத்தில் விழுந்தபோது எவெனோர் பிறந்திருக்கவில்லை.

3

புதன்கிழமை ஒரு கட்டளையைக் கண்டுபிடித்தான். ஒரே அமுக்கில் அறுபத்து மூன்று யெல்பாவும் எவெனோர் ஆனார்கள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"பழையபடி மாத்து."

"ஏன்?"

"செஞ்ச வேலைக்கு உன் பேரப் போட்டுக்க. செய்யாததுல என் பேரே இருக்கட்டும்."

"சனிக்கிழமைக்குள்ள அறுபத்து மூணா?"

"டயர் கழட்டுறவன்தானே நீ. ஒவ்வொண்ணா கழட்டு."

முதல் வரைவில் இங்கே அவன் கோபித்துக்கொண்டு குடிக்கப் போனான். (எழுதியதை அடித்துவிட்டேன். அந்தக் கணவனை வேறு கதைகளில் எழுதியாகிவிட்டது. இவன் வேறு ஆள்.) கடையை மூடினான். விடியலில் குழாயில் தண்ணீர் வரும் அரைமணி நேரத்தில் பீப்பாயை நிரப்பினான்; ஒரு வரி மாறியது. மாத்திரைக் கடைக்கு நடந்தான், இன்னொன்று. மகளுக்குச் சடை பின்னினான். முதல் நாள் அவள் அழுதாள். மறுநாள், போனால் போகிறதென்று அப்படியே பள்ளிக்குப் போனாள். யெல்பா ஒப்புக்கொண்டாள்.

வெள்ளி மாலை அறுபத்திரண்டு.

4

மீதி ஒன்று: மரியேலோஸுக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்ப்பது.

இதுவரை ஒவ்வொரு முறையும் யெல்பாதான் அருகில் இருந்தாள். அவன் கடையில் இருந்தான். மகளைப் படுக்கவைத்து ஒத்திகை பார்த்தான். அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை, சிரித்தாள். யெல்பா அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எனக்கு முன்னால் மூன்று முடிவுகள்.

அ) சனி விடியலில் வலிப்பு வருகிறது. எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறான். கதை கச்சிதமாக மூடிக்கொள்ளும். எழுத மாட்டேன். கதை முடியவேண்டும் என்பதற்காக ஒன்பது வயதுப் பெண்ணுக்கு வலிப்பை வரவழைக்க எனக்கு உரிமையில்லை.

ஆ) யெல்பா போகவில்லை. அவள் என்னை மன்னிக்க மாட்டாள்.

இ) யெல்பாவே அந்த வரியில் அவன் பெயரை— (அழகாக இருக்கிறது. அதனால்தான் நம்பவில்லை.)

5

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். சனிக்கிழமை பஸ் நிலையம்; வழியனுப்ப நானும் போயிருந்தேன். மரியேலோஸின் கையைப் பிடித்தபடி எவெனோர் நின்றான். சடை ஒழுங்காக இருந்தது. மடிக்கணினி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது; நான் திருப்பிக் கேட்கவில்லை, திறந்து பார்க்கவும் இல்லை. யெல்பா கடைசியாகக் கேட்டதற்கு அவன் சொன்ன பதில் எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வாசகரே, அதை நீங்கள்தான் எழுதவேண்டும்.

பஸ் நகரும்போது யெல்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"எவெனோர், கடைசி வரியில யார் பேரு இருக்கு?"