துரை கொடுத்த வாங்கு

கல்முனைக்குடியின் பெரிய வயல்காரர் மீராமுகைதீன் போடியாரின் வீட்டு முற்றத்தில் நாலு பேர் உட்காரக்கூடிய ஒரு தேக்கு வாங்கு கிடந்தது. வளைந்த கைப்பிடி, சட்டம் சட்டமாய் இழைத்த சாய்மானம். அரசாங்கப் பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்து வாங்கை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும்.

“துரை சீமைக்குப் போகக்குள்ள எண்ட கையப் புடிச்சி, ‘போடியார், இத நீங்க வெச்சிக்கங்க’ண்டு தந்திட்டுப் போனாரு” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார் போடியார். உண்மையில் துரை அவர் முகத்தைக்கூடக் கண்டதில்லை. வாங்கைச் செய்தவர் வீரமுனைத் தச்சர் அழகரெத்தினம் ஓடாவி. பங்களா வேலியோரம் நின்று பார்த்துப் பார்த்துச் செய்தார். கூலியோடு, வாயை மூடிக்கொள்ள ஒரு கறவை மாடும் அவருக்குப் போனது.

அந்த வாங்கில் யாரையும் இருக்க விடமாட்டார் போடியார். தானும் இருக்கமாட்டார். வந்தவர்கள் வெயிலில் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

போடியாரின் சவளக்கடை வயலுக்குத் தண்ணீர் விடுவதில் ஒரு வழக்கு வந்தது. விசாரிக்க அரசாங்கக் காரியாதிகாரி நல்லரெத்தினம் நேரிலேயே வந்தார். முற்றத்தில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“போடியார், இந்த வாங்கு எங்கால வந்தது?”

போடியார் வாயெல்லாம் பல்லாகக் கதையைச் சொன்னார்.

“அப்ப சரி. துரை போன நாளிலிருந்து பங்களா வாங்கைக் காணம் எண்டு தேடுறம். அரசாங்கச் சாமானை அவர் எப்படித் தானம் குடுக்கிறது? இது களவுச் சாமான்!”

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து மனைவி றபீக்கா கிசுகிசுத்தாள்.

“இஞ்சாருங்க, ஓடாவி செஞ்சதெண்டு சொல்லுங்களன். முடிஞ்சிரும்.”

சொன்னால் முடிந்துவிடும்தான். ஆனால் கடைத்தெரு முழுக்கச் சிரிக்குமே! போடியார் வாசல் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். களவெடுத்தவன் என்றால்கூடத் துரையின் வாங்கைக் களவெடுத்தவன் என்றுதானே சொல்வார்கள்?

“ஓம் ஐயா, பங்களா வாங்குதான். கொண்டு போங்க.”

போடியாரின் சொந்த மாட்டுவண்டியிலேயே வாங்கு போனது. களவுச் சாமான் வைத்திருந்தவரின் பேச்சை எப்படி நம்புவது என்று தண்ணீர் முறையையும் எதிராளிக்கே கொடுத்தார் காரியாதிகாரி. அந்தப் போகம் சவளக்கடை வயல் கருகியது.

“வாங்கும் போச்சு, வெள்ளாமையும் போச்சு” என்று றபீக்கா அழுதாள்.

“சும்மா இரி புள்ள” என்றார் போடியார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பாயில் நிறைந்திருந்தார்கள். “துரை ஆசையாத் தந்தத அரசாங்கமே பொறாமப்பட்டுப் பறிச்சிட்டுப் போயிட்டு” என்று அவர்களிடம் ஆரம்பித்தார். இந்தத் தடவை கதையில், கப்பலேறும்போது துரை அழுதும் இருந்தார்.