சாட்சி கைகளால் காட்டுகிறார்

றொஷானியின் கொலை வழக்கு ஜூரிகள் முன்னால் விசாரணைக்கு வந்தபோது சிசிலியா கட்டிலை விட்டு எழும்ப மாட்டாமல் கிடந்தாள்.

கடல் கடந்து வந்து குடியேறிய ஹென்டர்சனில் அவர்கள் இருந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, பின்வளவில் சிசிலியா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு மரப்படியின் உச்சியில் றொஷானியும் அவள் புருஷன் ஜூலியனும் வாய்த்தர்க்கப்பட்டார்கள். அவன் இரண்டு கைகளாலும் அவள் நெஞ்சில் பிடித்துத் தள்ளினான். பின்பக்கமாகப் போய்ச் சீமெந்துத் தரையில் விழுந்தவள், ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே செத்துப்போனாள். ஈரப் படியில் வழுக்கிவிட்டது என்றான் ஜூலியன். கண்ட ஒரே ஆள் சிசிலியாதான்.

முதல் விசாரணை ஜூரிகள் இல்லாத கீழ் நீதிமன்றத்தில், கீழ்க் கோட்டில், நடந்தது. அங்கே சிசிலியா தமிழில் சொன்னாள், கல்யாணி என்ற தமிழ்நாட்டுப் பெண் இங்கிலீஷில் மாற்றினாள், ஒருவர் தட்டச்சடித்தார். ஜூலியனின் வக்கீல் அரை நாள் அவளைக் குடைந்தார். உங்களுக்கு ஜூலியனைப் பிடிக்காதுதானே? கொடியில் தொங்கிய விரிப்பு மறைக்கவில்லையா? விழப்போனவளைப் பிடிக்க நீட்டிய கையாக அது இருக்கக் கூடாதா? எல்லாம் முடிந்ததும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு நெஞ்சு படபடப்பு வந்தது. சோறு இறங்கவில்லை. மாதா கோவிலில் ஜூலியனின் சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை, பூசை நடுவிலேயே மயங்கி விழுந்தாள். அவளைக் கோட்டில் ஏற்றுவது உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

“அப்ப கேஸ் விழுந்திடுமோ?” என்று அவள் கணவன் யூட் அரசாங்க வக்கீலிடம் கேட்டான்.

விழாது என்றார் அவர். சாட்சி செத்துப்போனாலோ, நாட்டை விட்டுப் போய்விட்டாலோ, வர முடியாத நோயில் கிடந்தாலோ, கீழ்க் கோட்டில் சொன்னதை அப்படியே வாசிக்கலாம். இங்கிலாந்தின் பழைய சட்டம். பாய்க்கப்பல் காலத்தில் குடியேறியவர்கள் கொண்டுவந்தது. ஜூலியனின் வக்கீல் ஏற்கெனவே குறுக்குக் கேள்வி கேட்டிருப்பதால் அதில் அநியாயம் இல்லை என்று விளக்கினார்.

வீட்டுக்கு வந்து யூட் மனைவியின் பக்கத்தில் இருந்தான். “எங்கட நாட்டிலயும் உதே மாதிரித்தான் இருக்குது. வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் ஒரே அளவில தைச்சுப்போட்டு வந்திருக்கிறான். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நீர் போகத் தேவையில்லை.”

வழக்கு நாள் அவன் வழக்கம்போல ஒனிஹங்காவுக்கு வேலைக்குப் போனான். சிசிலியா கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தன் வாயால் வந்ததை யாரோ ஒருவர் எந்தக் குரலில் வாசிக்கப் போகிறார் என்ற நினைப்பு அவளை விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி முகம் கழுவினாள், குளிர்கோட்டை மாட்டினாள், ரயில் ஏறினாள். நகரத்தில் இறங்கி மேட்டில் நின்று நின்று ஏறினாள். நீதிமன்றத்தின் பின்வரிசையில் போய் இருந்தாள். அவளை ஒருவரும் கவனிக்கவில்லை.

வாசித்தவன் நீதிமன்றத்தில் வேலைசெய்யும் இளம் பெடியன். ரயில் நேரம் சொல்லும் குரல். படி, மழை, கொடி, எல்லாம் ஒரே இழுப்பில் போயின. ஜூரியில் ஒரு கிழவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். சிசிலியா அன்றைக்கு அழுது நிறுத்திய இடத்தில் பெடியன் நிற்கவில்லை. அழுததைத்தான் ஒருவரும் தட்டச்சடிக்கவில்லையே.

“கேள்வி: அது அவரைப் பிடிக்க நீட்டிய கை இல்லையா? பதில்: இல்லை. கேள்வி: எப்படித் தள்ளினார்? சாட்சி கைகளால் காட்டுகிறார்.”

ஜூரியில் ஒரு பெண் தலைநிமிர்ந்து அவன் கைகளைப் பார்த்தாள். அவை தாளைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவன் அடுத்த வரிக்குப் போய்விட்டான்.

சிசிலியா எழும்பிவிட்டாள். “இப்பிடி!” என்று தமிழிலேயே கத்தினாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காற்றை ஓங்கித் தள்ளினாள். “இப்பிடித்தான் தள்ளினவன்!”

நீதிபதி உடனே ஜூரிகளை வெளியே அனுப்பினார். அவள் யாரென்று தெரிந்ததும் அரசாங்க வக்கீலின் முகம் வெளிறியது. நீதிபதி கோபப்படாமல்தான் சொன்னார்: இந்தச் சட்டம் வர முடியாதவர்களுக்கு. வந்து நிற்கிறவரை வராதவர் என்று எழுத முடியாது. வாசித்ததை ஜூரிகள் கணக்கில் எடுக்கக் கூடாது. சாட்சி நாளைக் காலை கூண்டில் ஏற வேண்டும்.

“ஏனப்பா போனீர்?” என்று யூட் பின்னேரம் கேட்டான். அவனுக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. “உம்மை வீட்டில இருக்கச் சொல்லித்தானே விட்டவங்கள்.”

“அந்தப் பேப்பரில என்ர கை இல்லை,” என்றாள் சிசிலியா. “அவள் எப்பிடி விழுந்தவள் எண்டு அதில இல்லை.”

மறுநாள் ஜூலியனின் வக்கீல் மிகவும் மரியாதையாகக் கேட்டார். நேற்று எப்படி வந்தீர்கள்? ரயிலில். துணைக்கு யார்? ஒருவரும் இல்லை. மேட்டில் நடந்தா? ஓம். எழும்ப முடியாது என்று டாக்டரிடம் சொன்னது பொய்யா?

“பொய் இல்லை. ஏலாமத்தான் கிடந்தனான்.”

“அப்படியானால் நேற்று?”

அதற்கு என்ன சொல்வது? கல்யாணி மெதுவாகக் குனிந்து, “பதில் சொல்லுங்கம்மா,” என்றாள். சிசிலியா கூண்டின் விளிம்பைப் பிடித்தாள். உங்களால் முடியும் முடியாது என்பதெல்லாம் உங்கள் வசதிக்குத்தான் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு வக்கீல் போய்த் தன் கதிரையில் இருந்தார்.

கடைசியாக அரசாங்க வக்கீல் எழும்பினார். எப்படித் தள்ளினார் என்று காட்டுங்கள் என்றார்.

ஜூலியன் நேரே முன்னால் இருந்தான். மெலிந்திருந்தான். அவளைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அவள் கூண்டின் விளிம்பைப் பிடித்திருந்த கைகளைக் கஷ்டப்பட்டு எடுத்தாள். அவை பாதியில் நின்றன. விரல்கள் நடுங்கி நடுங்கி முன்னால் நீண்டன. விழுகிற ஒருவரை ஏந்தப் போகும் கைகள் போலத்தான் அவை இருந்தன. அது அவளுக்கே தெரிந்தது. திரும்பவும் காட்டப் பார்த்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

குற்றவாளி இல்லை என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

வெளிவிறாந்தையில் அரசாங்க வக்கீல் தாள்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு நின்றார். அவர் கடிந்து பேசவில்லை. அந்த வாசிப்பு மட்டுமே போதுமாக இருந்திருக்கும் என்று யூட்டிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். யூட் அதைத் தமிழில் சொல்லவில்லை. சிசிலியாவுக்கு அவ்வளவு இங்கிலீஷ் விளங்கும்.

ஞாயிறு பின்னேரம் கொழும்பிலிருந்து றொஷானியின் தாய் அன்னபாக்கியம் போன் எடுத்தாள். விசா கிடைக்காமல் பிள்ளையின் செத்த வீட்டுக்கே வர முடியாமல் போனவள்.

“பிள்ளை, நீ போய்ச் சொன்னனியே?”

“ஓம் அம்மா. சொன்னனான்.”

“எனக்கும் ஒருக்காச் சொல்லு. ஒருத்தரும் எனக்கு ஒழுங்காச் சொல்லேல்லை.”

சிசிலியா முதலில் இருந்து சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

“அவன் இப்ப எங்க இருக்கிறான்?” என்று கேட்டாள் அன்னபாக்கியம்.

“இஞ்சதான் அம்மா,” என்றாள் சிசிலியா. “பக்கத்து வீட்டில.”