நிறுத்தத் தெரியாத பின்னல்

சகாதா நகராட்சியில் பனியள்ளும் வண்டி ஓட்டுகிற கெய்ஜி தொகாஷி வாழ்நாளில் ஒருமுறைகூட கோல்ஃப் மைதானத்தை மிதித்ததில்லை. ஆனாலும் கடைத்தெருவின் ஆண்டிறுதிக் குலுக்கலில் அவன் மனைவி யசுயோ பெட்டியைச் சுழற்ற, தங்கநிறக் குண்டு உருண்டு விழுந்து, முதல் பரிசாக ஒரு கோல்ஃப் செட் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் நடையே மாறிப்போயிற்று. மட்டைகள் நிறைந்த தோல்பையை, வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். வாரம் தவறாமல் துடைத்தான். குளித்துவிட்டு வந்தால் ஒரு மட்டையை உருவி, காலை அகட்டி நின்று, கூடத்துக்குள்ளேயே வீசிப் பார்ப்பான். ஒருநாள் விளக்கின் மூடி அதற்குப் பலியானது.

இப்படி ஓராண்டு போயிற்று. அடுத்த குளிர்காலத்தில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. எங்கோ பாலைவன நாடுகள் குழாயை மூடிவிட்டன என்று வானொலி சொன்னது. தெருமுனைக் கடைக்காரர் வீட்டுக்கு ஒரு டின்னுக்கு மேல் தரமாட்டேன் என்றார். கடற்காற்று பனியைத் தரையில் விழவிடாமல் பக்கவாட்டிலேயே அடித்துக்கொண்டு போகிற ஊர் அது. யசுயோ காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று அளந்து அடுப்பை ஏற்றினாள். விடிவதற்கு முன் கெய்ஜி கழுத்தில் ஒரு பழைய குளியல் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் துண்டின் நுனியை இழுத்து இறுக்கிச் செருகிவிட்டாள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த கன்னோவின் பழைய சாமான் கடையில் அவள் அந்தப் பின்னல் மெஷினைப் பார்த்தது அப்போதுதான். நீளமான இரும்புப் பெட்டி. மூடியைத் திறந்தால் சீப்புப் பற்கள்போல வரிசையாக ஊசிகள். அவற்றின்மேல் இப்படியும் அப்படியும் தள்ளுவதற்குக் கைப்பிடி வைத்த ஒரு சின்ன வண்டி.

"ஓடுமா?" என்று கேட்டாள்.

"ஓடும்னுதான் கொடுத்தவங்க சொன்னாங்க. நான் என்ன கம்பளி பின்ற ஆளா?" என்றார் கன்னோ. "இருநூறு ஊசிம்மா. ஒரு தள்ளு தள்ளினா ஒரு வரிசை முடிஞ்சுது."

"எனக்குக் கையாலகூடப் பின்னத் தெரியாதே."

"அப்ப ரொம்ப நல்லது. மறக்க வேண்டியது ஒண்ணும் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்க வீட்டு வாசல்ல ஒரு கோல்ஃப் பை சும்மா நிக்குதாமே?"

அன்று மத்தியானமே யசுயோ பனிச்சறுக்குப் பலகையில் கோல்ஃப் பையை வைத்துக் கட்டி இழுத்துக்கொண்டு போனாள். அதே பலகையில் மெஷினை வைத்து இழுத்துக்கொண்டு திரும்பினாள்.

மாலையில் கெய்ஜி வந்தான். பூட்ஸைக் கழற்றக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான்.

"என் பை எங்க?"

அவள் சொன்னாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்துப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தாள். அவன் கத்தவில்லை. சுவரோரம் பை நின்ற இடத்தையே பார்த்தான்.

"ஒரு நாளாவது அதை எடுத்துக்கிட்டு விளையாடப் போனீங்களா?" என்று அவளே சண்டையைத் தொடங்கினாள்.

"போகலாம்னு இருந்தேன்."

"எப்ப?"

"எப்பவாவது."

அந்த ஒரு சொல்லை அவன் சொன்ன விதம் யசுயோவுக்குச் சுருக்கென்று தைத்தது.

அதற்கப்புறம் அவன் அவளோடு பேசவில்லை. சோயா சாஸ் வேண்டுமென்றால், "இந்த வீட்டுல சோயா சாஸ்னு ஒண்ணு இருந்துச்சு" என்று சுவரிடம் சொன்னான்.

மறுநாள் அவள் மெஷினைத் தாழ்மேசையின் விளிம்பில் திருகி நிறுத்தினாள். கூட வந்த கையேட்டை விரித்தாள். பதினாறு பக்கம்தான் இருந்தது. மீதியை யாரோ கிழித்திருந்தார்கள். பரவாயில்லை, ஆரம்பிப்பது எப்படி என்பது இருக்கிறதே என்று துணிந்தாள். கெய்ஜியின் முழங்கை நைந்துபோன கடுகு நிற ஸ்வெட்டரைப் பிரித்து, சுருள் சுருளாக வந்த நூலைக் கெண்டியின் ஆவியில் காட்டி நேராக்கினாள். சிக்காமல் வழுக்கிப் போவதற்காக நூலின்மேல் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தாள். நடுவில் அறுபது ஊசிகளை முன்னே தள்ளி, ஒவ்வொன்றிலும் நூலைக் கையால் சுற்றி, அடியில் பின்னலைக் கீழே இழுத்துப் பிடிக்கிற பல்சீப்பை மாட்டி, அதில் இரும்பு எடைகளைத் தொங்கவிட்டாள். இதற்கே பொழுது சாய்ந்துவிட்டது.

பிறகு வண்டியைத் தள்ளினாள். அது நகரவில்லை, மேசைதான் நகர்ந்தது. முழங்காலால் மேசையை அணைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தள்ளினாள். கிரீச்சென்று அலறிக்கொண்டு வண்டி மறுமுனைக்குப் போயிற்று. ஒரு வரிசை விழுந்திருந்தது! உண்மையான பின்னல், கடையில் விற்கிற மாதிரி! அவள் பற்களைக் கடித்துக்கொண்டு இன்னும் தள்ளினாள். இரண்டு, மூன்று, ஏழு, எட்டு. ஒன்பதாவது தள்ளலில் கை சட்டென்று லேசாகப் போயிற்று. பழகிவிட்டது என்று ஒரு நொடி மகிழ்ந்தாள். நூல் வண்டியின் வாயிலிருந்து நழுவியிருந்தது. அறுபது கண்ணியும் ஒரே நேரத்தில் ஊசிகளை விட்டுக் கழன்று, பல்சீப்பு, எடை எல்லாமாகச் சேர்ந்து அவள் கால் கட்டைவிரல்மேல் தொப்பென்று விழுந்தது.

"ஆ!"

அறைக்கோடியில் முதுகைக் காட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கெய்ஜியின் தோள்கள் குலுங்கின. அவன் சிரிப்பை அடக்குகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"சிரிக்கிறதா இருந்தா இந்தப் பக்கம் திரும்பிச் சிரிங்க!"

அவன் செய்தித்தாளிடம் சொன்னான்: "அந்த வண்டி எண்ணெய் இல்லாம அழுவுது. காது கொடுத்துக் கேட்டா யாருக்கும் புரியும்."

"பேப்பர்ல அப்படியா போட்டிருக்கு?"

இன்னும் ஒரு பக்கம் படிப்பதாகப் பாவனை செய்தான். முடியவில்லை. எழுந்து வந்து, வண்டியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். பழைய எண்ணெய் பசைபோல இறுகி, தூசியோடு கருத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதையா தள்ளின? உன்னை எங்க வண்டிக்கு முன்னால கட்டிவிட்டா ஊர்ப் பனி மொத்தத்தையும் தள்ளிடுவ போலிருக்கே."

கருவிப் பெட்டியை எடுத்து வந்தான். செய்தித்தாளை விரித்தான். பிறகு மண்ணெண்ணெய் டின்னிலிருந்து ஒரு பெரிய கிண்ணம் நிறைய ஊற்றினான்.

"ஐயோ, அது நாளைக்கு அடுப்புக்கு வெச்சது!"

"நாளைக்குப் போர்வைக்குள்ள உக்காந்துக்கலாம்."

இருநூறு ஊசிகளையும் ஒவ்வொன்றாக உருவி அவன் கிண்ணத்தில் போட, அவள் எடுத்துத் துடைத்தாள். ஒவ்வோர் ஊசியின் கொக்கிக்கும் கீழே மடங்கித் திறக்கிற ஒரு குட்டி நாக்கு. ஐந்து ஊசிகளில் அந்த நாக்கு வளைந்திருந்தது. ஊசிகளை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற பட்டையை இழுத்தபோது, உள்ளே இருக்க வேண்டிய பஞ்சு காகிதமாய் நசுங்கிப்போயிருந்தது. கெய்ஜி கொஞ்சம் யோசித்தான். வேலைக்கு எடுத்துப்போகிற தன் இருக்கைத் திண்டைக் கொண்டுவந்து, தையலைப் பிரித்து, உள்ளே இருந்த நுரைப்பஞ்சை நீளமாக அறுத்து அதில் பொருத்தினான்.

யசுயோ ஊசியைத் துடைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்: "உங்களைக் கேட்டிருக்கணும் நான்."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் கேக்கல."

அவன் அவளைப் பார்த்தான். முதலில் சிரித்தது யார் என்று பிறகு இருவருக்கும் ஞாபகமில்லை. இரண்டு பேர் கையிலும் எண்ணெய். சிரித்து வழிந்த கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

மெஷின் சனிக்கிழமை ஓடியது. அந்த அலறல் போய், பட்டுத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு சர்ர், திரும்பி வரும்போது இன்னொரு சர்ர். கடுகு நிறத் துணி மேசைக்கடியில் இறங்கிக்கொண்டே வந்தது. ஒருமுறை அவள், ஒருமுறை அவன் என்று முறை வைத்துத் தள்ளினார்கள். முறை முடிந்தும் கெய்ஜி கைப்பிடியை விடாமல் ஏமாற்றினான்.

கழுத்துக்குப் போதுமான நீளம் வந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. முடிப்பது எப்படி? ஊசியிலிருந்து எடுத்தால் பின்னல் பிரிந்துவிடும். அது இருந்திருக்க வேண்டிய பக்கங்களைத்தான் யாரோ கிழித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை யசுயோ கன்னோவின் கடைக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் கோல்ஃப் பை கம்பீரமாக நின்றது. அவள் அதைப் பார்க்காததுபோல உள்ளே போய்ப் பக்கங்களைப் பற்றிக் கேட்டாள்.

"பக்கமெல்லாம் கிடையாது. ஆனா முந்தாநாள் உங்க வீட்டுக்காரர் வந்திருந்தாரே, சொல்லலையா?" என்றார் கன்னோ.

யசுயோ சட்டென்று கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். "பையைத் திருப்பிக் கேட்டாரா?"

"நானேதான் கேட்டேன், மாத்திக்கிறீங்களான்னு. என்னவோ மூஞ்சியைப் பாத்தா பாவமா இருந்துச்சு. மட்டையை ஒருவாட்டி தடவிப் பாத்தாரு. அப்புறம், 'அந்த மெஷினைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். பிரிச்சதைக் கோக்காம திருப்பிக் கொடுக்க எனக்கு வராது'ன்னு சொல்லிட்டு, ஊசி உபரியா இருந்தா அஞ்சு கொடுங்கன்னாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. நான் சொல்லிட்டேன்."

அவள் வெளியே வந்தபோது பனி முகத்தில் அறைந்தது. அவளுக்கு உறைக்கவே இல்லை. ஸ்டேஷன் ரோட்டில், ஒரு கல்யாணமான முப்பத்தாறு வயதுப் பெண் ஓடக்கூடாத ஓட்டமாக ஓடினாள்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு தோகியே இகராஷி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். தோகியே அந்தத் தெருவில் கைப்பின்னலுக்குப் பேர்போனவள், வாயாடுவதற்கும் அப்படியே.

"யசுயோ சான், உங்க வீட்டுல என்ன, ரயில் ஓட்டுறாங்களா? காலையிலேர்ந்து சர்ருபுர்ருன்னு ஒரே சத்தம்."

இருவரும் உள்ளே போனார்கள். கெய்ஜி வெறும் உள்பனியனோடு, தோளில் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு மெஷின்முன் உட்கார்ந்திருந்தான். கடுகு நிற நூல் எப்போதோ தீர்ந்திருந்தது. போட்டிருந்த கருநீல ஸ்வெட்டரைக் கழற்றிப் பிரித்து அதையும் கொடுத்துக்கொண்டிருந்தான். மடியில் ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது. துணி மேசைக்கடியில் இறங்கி, தரையில் ஓடி, அலமாரியைச் சுற்றி, சமையலறை வாசல்வரை போயிருந்தது.

"என்னங்க இது!"

"எப்படி நிறுத்துறதுன்னு தெரியல," என்றான் கெய்ஜி, கையை நிறுத்தாமலே. "நீ வர்ற வரைக்கும் ஓட்டிக்கிட்டிருக்கலாம்னு..."

தோகியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு விளக்கைப் போடத் தெரிஞ்சா அணைக்கத் தெரியாது. உங்க வீட்டுல அதுக்கும் மேலயா!"

சிரித்து ஓய்ந்ததும் அவள் அருகே வந்து துணியை விரலால் நெருடினாள். "மெஷின்ல பின்றதெல்லாம் ஒரு பின்னலான்னு நெனச்சேன்," என்று தொடங்கியவள், துணியைத் திருப்பிப் பார்த்து இன்னும் நெருடினாள். ஒவ்வொரு கண்ணியும் ஒரே அளவு. கடைசியில், "கையில பின்னும்போது எப்படி முடிப்போம்? முதல் கண்ணியைப் பக்கத்துக் கண்ணி மேல ஏத்தி, ரெண்டையும் ஒண்ணாக்குவோம். இதுல மட்டும் வேற என்ன இருக்கப் போகுது?" என்றாள்.

யசுயோ ஓரத்து ஊசியைப் பார்த்தாள். பெட்டியோடு வந்திருந்த துளை வைத்த குச்சி எதற்கென்று அப்போது புரிந்தது. முதல் கண்ணியை அதில் ஏந்தி, அடுத்த ஊசிக்கு மாற்றினாள். இரண்டின் ஊடாக நூலை இழுத்தாள். ஊசி காலியாயிற்று. கண்ணி அவிழவில்லை.

"நிக்குது!" என்றாள்.

"நிக்குதா?" என்று கெய்ஜியும் தோகியேயும் ஒன்றாகக் குனிந்ததில் மூன்று தலைகளும் முட்டிக்கொண்டன.

அறுபதாவது கண்ணியை முடித்து நூலை வெட்டியபோது பின்னல் முழுசாக அவள் கைக்கு வந்தது. ஓரங்கள் குழாய்போலச் சுருண்டுகொண்டன. நடுவில் ஒரு ஓட்டைகூட இருந்தது. அவள் அதை எடுத்துக் கணவனின் கழுத்தில் சுற்றினாள். ஏழு சுற்று சுற்றியும் இரண்டு முனையும் முழங்காலைத் தொட்டன. அவன் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

உள்ளேயிருந்து வந்த பதில் யாருக்கும் புரியவில்லை. ஆனால் அவன் அதைக் கழற்றவில்லை. அப்படியே சாப்பிட உட்கார்ந்து, மிஸோ சூப்பைக் குடிக்க வழி தெரியாமல் திணறினான்.

திங்கட்கிழமை டிப்போவில் எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்களாம். மத்தியானம் காற்று வலுத்தபிறகு சிரிப்பு குறைந்ததாம். புதன்கிழமை மாலை, தொகாஷி வீட்டு வாசலில் நான்கு ஓட்டுநர்கள் பூட்ஸிலிருந்து பனியை உதறிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவர் கக்கத்திலும் ஒரு பழைய ஸ்வெட்டர். தோகியே அவசரமாகத் தேநீர் கலந்தாள், தன் வீடுபோல. யசுயோ அவர்களை வரிசையாக உட்காரவைத்து, ஒரு கயிற்றால் கழுத்தை அளந்தாள். அவர்களில் பெரியவரான தடித்த ஓட்டுநர் கூச்சத்தோடு, "ரொம்ப நீளமா வேணாம்மா. வண்டிச் சக்கரத்துல மாட்டிக்கும்," என்றார்.

"கவலப்படாதீங்க. இப்ப நிறுத்தத் தெரியும்," என்றாள் யசுயோ. பச்சை நூலைக் கோத்து, கைப்பிடியைப் பிடித்து, முதல் வரிசையைத் தள்ளினாள்.