நெயில் பொலிஷ் கோடு

இந்த மொறிஸ் மைனரின் பொனட்டை மூன்று மாதத்தில் நான்காவது தடவையாகத் திறக்கிறேன். நான்காவது தடவை என்றால் அது காரின் வருத்தமில்லை, என்னுடைய வருத்தம். முழங்கால் இரண்டும் குனியாதே என்கின்றன. நான் குனிகிறேன்.

கொட்டாஞ்சேனையில் வுல்பெண்டால் மேட்டுக்குப் பின்னால், ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் என் கராஜ். ஒரு கார் நிற்கும். இரண்டாவது கார் வந்தால் எதிர்வீட்டுக்காரி கத்துவாள். முப்பத்தெட்டு வருஷமாக அவள் கத்துகிறாள், நான் வேலை செய்கிறேன். கொழும்பில் மிஞ்சியிருக்கும் பழைய ஆங்கிலக் கார்களில் பாதி என் கையால்தான் ஓடுகின்றன என்று சொல்லிக்கொள்வேன். ஒஸ்வால்ட் பாஸ் சொன்னால் சரி என்று மற்றவர்களும் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பேச்சுத்தான் கடைசியில் என்னைக் கெடுத்தது.

கார் வெள்ளவத்தை லுத்பியா மேடத்துடையது. காணி உறுதி எழுதி ஓய்வுபெற்ற நொத்தாரிஸ். கணவர் விட்டுப்போன காரை அவர் விற்கவில்லை, அதை ஓட்டிய முர்ஷித்தையும் நிற்பாட்டவில்லை. முர்ஷித் கொம்பனித்தெருக்காரன். இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய், காரைத் துடைத்து, மேடத்தை ஏற்றி இறக்கிவிட்டுப் பின்னேரம் திரும்புகிறவன்.

ஜூலையில், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ரிபியூட்டர் ஆடுகிறது என்று கழற்றினேன். தேய்ந்த புஷ்ஷை மாற்றித் திரும்பப் பூட்டி, தீப்பொறி விழும் நேரத்துக்கு டைமிங் வைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து தொல்லை. கார் இழுக்கவில்லை. தெஹிவளை மேம்பாலத்தில் பாதி ஏறுவதற்குள் தண்ணீர் கொதித்தது. சைலன்சர் படபடவென்று வெடித்தது. முதல் தடவை கொண்டென்சரை மாற்றினேன். அடுத்த தடவை காபரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். அதற்கடுத்து பெற்றோல் தாங்கியை இறக்கிச் சுத்தம் செய்தேன். ஒவ்வொரு தடவையும் டைமிங்கையும் பார்த்தேன். எஞ்சின் கப்பியில் உள்ள கோடு அடையாள ஊசிமுனைக்கு நேரே நின்றது. டைமிங்கில் பிழையில்லை என்று எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை லுத்பியா மேடம் போன் எடுத்து, "அப்ப பிழை எங்க, ஒஸ்வால்ட்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. பதில் இல்லாவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

"காரில ஒரு பிழையும் இல்ல, மேடம். ஓட்டுறதிலதான் பிழை. கிளச்சில கால வச்சபடியே ஓடுறான். கியர் மாத்தாம எஞ்சினப் போட்டு இழுக்கிறான். எந்தக் காரெண்டாலும் கொதிக்கும்."

அவர் நம்பினார். ஒஸ்வால்ட் பாஸ் சொன்னால் சரிதானே. போன சனிக்கிழமை முர்ஷித்தைக் கூப்பிட்டு நான் சொன்னதைச் சொல்லி, செவ்வாய்க்கிழமை காரைக் கராஜில் விட்டுத் திறப்பை என்னிடம் கொடுக்கும்படியும், அதற்குப் பிறகு வரத் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

இன்று செவ்வாய்க்கிழமை. முர்ஷித் ஒன்பது மணிக்கே காரைக் கொண்டுவந்துவிட்டான். கழுவித் துடைத்திருந்தான், சக்கர வளையத்தைக்கூட. திறப்பை நீட்டினான். எனக்கு இரண்டு கையிலும் கிரீஸ்.

"அதில வை," என்றேன்.

வேலைமேசையில் வைத்தான். ஆனால் போகவில்லை. பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவனுடைய வேலையைப் போக்கிவிட்டு, அவன் பார்த்துக்கொண்டிருக்க அதே காரில் என் வேலையைச் செய்வது சும்மா காரியமில்லை.

"உனக்குப் போக வேலை இல்லையா?"

"இப்ப எனக்கி என்ன வேல ஈக்கி, பாஸ்?" என்றான். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. உள்ளதைச் சொன்னான்.

என் மனிசி ஜோசப்பின் இருந்திருந்தால் இந்நேரம் அவனுக்கு ஒரு பிளேன்ரீ வந்திருக்கும், எனக்கு ஒரு முறைப்பும் வந்திருக்கும். அவள் கண்மூடி ஒன்றரை வருஷம். கராஜின் கேத்திலை அதற்குப் பிறகு யாரும் அடுப்பில் வைக்கவில்லை.

எஞ்சினை ஓடவிட்டேன். "சும்மா இருக்கிற நேரம் இதப் பிடி," என்று டைமிங் லைற்றை முர்ஷித்திடம் கொடுத்தேன். முதலாம் பிளக்கில் தீப்பொறி விழும் ஒவ்வொரு தடவையும் அந்த லைற் மின்னும். எஞ்சினின் அடியில் பெல்ற் ஓடும் கப்பியில் ஒரு கோடு உண்டு. கப்பி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் மின்னும் வெளிச்சத்தில் அந்தக் கோடு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அது ஊசிமுனைக்கு நேரே நின்றால் தீப்பொறி நேரத்துக்கு விழுகிறது. பிந்தி விழுந்தால் பெற்றோல் வீணாய் எரிந்து சூட்டைக் கிளப்புமே தவிர இழுவை வராது.

கோடு நேரே நின்றது. சிவப்பாக, அச்சொட்டாக.

"பாத்தியா? டைமிங் சரி," என்றேன். யாரிடம் வழக்காடினேன் என்று தெரியவில்லை.

முர்ஷித் லைற்றை அணைத்தான். கொஞ்ச நேரம் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டான்.

"பாஸ், ஒண்டு செல்லவா? கோவிக்க வாணாம்."

"சொல்லு."

"இந்தச் சத்தம், இந்தக் கொதி, எல்லாம் எனக்கிப் பழக்கம். பெற்றோல் இல்லாத காலத்துல முகத்துவாரத்துல மீன்போட்டுக்காரங்கட்ட மண்ணெண்ண வாங்கிக் கலந்து ஓடினமே. அப்பயும் இப்பிடித்தான் ஈந்திச்சி. இழுவ இல்ல, சைலன்சர் வெடிக்கும். இப்ப நல்ல பெற்றோல்தானே அடிக்கிற, ஏன் அப்பிடியே ஈக்கிதெண்டு எனக்கி வெளங்கல்ல."

என் கை நின்றுவிட்டது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு. முர்ஷித் இரண்டு நாள் வரிசையில் கிடந்தும் பெற்றோல் கிடைக்காமல், மேடத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்று வந்து நின்றான். மண்ணெண்ணெய் கலந்தால் எஞ்சினுக்குள் சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம் வரும். தீப்பொறியைப் பிந்தவைத்தால் அடி நிற்கும். கலவைக்கு ஏற்ற இடத்தைக் காதால் கேட்டுப் பிடித்தேன். அடுத்தடுத்த தடவை தேடித் திரியாமலிருக்கக் கப்பியில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். பெயின்ற் இருக்கவில்லை. ஜோசப்பின் வீட்டுக்குள் போய்த் தன் நெயில் பொலிஷைக் கொண்டுவந்தாள். சிவப்பு. "எண்ட நகத்துக்குப் பூசவே காணாது, இதுக்குள்ள உங்கட கப்பிக்கும் வேணுமாக்கும்," என்று பேசிப்பேசி அவள்தான் லைற்றையும் பிடித்தாள்.

வரிசைகள் தீர்ந்து நல்ல பெற்றோல் வந்தபோது காதால் கேட்டே பழையபடி மாற்றிவிட்டேன். கோட்டை அழிக்கவில்லை. மறந்தும் போனேன். ஜூலையில் டிஸ்ரிபியூட்டரைத் திரும்பப் பூட்டும்போது காதை நம்பவில்லை. ஜோசப்பின் போன பிறகு எனக்குக் காதும் சரியில்லை, மனமும் சரியில்லை. கப்பியில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அதை நம்பினேன்.

எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, காரை ஜக்கில் ஏற்றி, நெஞ்சுவரை உள்ளே ஊர்ந்தேன். கம்பித் தூரிகையால் கப்பியின் விளிம்பைத் தேய்த்தேன். கறுத்த எண்ணெய்க் கசடு உரிந்து வந்தது. சிவப்புக் கோட்டிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, கார் செய்தவர்கள் போட்ட பழைய வெட்டு அப்படியே இருந்தது. நம்பாமல் முதலாம் பிளக்கைக் கழற்றி, ஸ்க்ரூட்றைவரை உள்ளே விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வருவதைத் தொட்டுப் பார்த்தேன். அந்த வெட்டுத்தான் சரி. மூன்று மாதமாக நல்ல பெற்றோலை ஊற்றி மண்ணெண்ணெய்க்கு வைத்த டைமிங்கில் காரை ஓடவிட்டிருக்கிறேன்.

பிளக்கைத் திரும்பப் பூட்டி, டிஸ்ரிபியூட்டரை இளக்கிக் கொஞ்சம் திருப்பினேன். ஐந்து நிமிஷ வேலை. எஞ்சின் ஒரு நல்ல மூச்சு எடுத்ததுபோல அமைதியாக ஓடியது.

இப்படியே விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. புது டிரைவர் வருவான், கார் நன்றாக ஓடும், ஒஸ்வால்ட் பாஸ் அன்றைக்கே சொன்னாரே என்று மேடம் நினைப்பார். எல்லாம் பொருந்தியிருந்தது. பொய் சொல்லக்கூடத் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும். நான் நல்லவன் என்பதால் சும்மா இருக்கவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். எனக்குக் களைத்துவிட்டது. இந்தக் கோபத்தையும் இந்த வீறாப்பையும் இனியும் சுமக்க என்னால் முடியவில்லை.

கையைத் துடைத்துவிட்டுப் போன் எடுத்தேன்.

"மேடம், ஒஸ்வால்ட் கதைக்கிறன். காரில இருந்த பிழையக் கண்டுபிடிச்சிட்டன். அது எண்ட பிழை. டைமிங்க நான்தான் பிழையா வச்சனான். முர்ஷித் ஓட்டினதில ஒண்டும் இல்ல. நான் உங்களுக்குச் சொன்னது பொய். அவன் இன்னும் இங்கதான் இருக்கிறான்."

 போனுக்குள் வெள்ளவத்தைத் தெருவின் பஸ் ஹோர்ன் கேட்டது.

"இருபத்திரண்டு வருஷம் எங்களோட இருந்த புள்ளய நான் உங்கட ஒரு பேச்சுக்கு அனுப்பிட்டேன், ஒஸ்வால்ட்," என்றார். பிறகு, "போனை அவன்ட்டக் குடுங்க."

முர்ஷித் எழுந்து நின்று போனை வாங்கினான். "ஓம் மேடம்... ஓம்... இல்ல மேடம், அழவேணாம்... நாளைக்கி ஏழு மணிக்கி." அவ்வளவுதான்.

போனைத் திருப்பித் தந்தான். நான் மன்னிப்புக் கேட்பதற்கு வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தான்.

"இதுல ஏறினா ஒவ்வொரு கியருக்கும் எனக்கே சந்தேகம், பாஸ். நீங்க பொய் செல்ல மாட்டீங்கதானே. எனக்கி ஓட்டத் தெரியாதெண்டுதான் நானும் நெனச்சிட்டன்."

காரை ஜக்கிலிருந்து இறக்கினேன். "வா, மேட்டில ஏத்திப் பாப்பம். நீ ஓட்டு," என்றேன்.

அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். வுல்பெண்டால் மேட்டில் கார் சிணுங்காமல் ஏறியது. வெடிப்பில்லை, கொதிப்பில்லை. மேட்டின் நடுவில் கியரைக் குறைத்தான், பூப்போல. இப்படித்தான் இருபத்திரண்டு வருஷமும் ஓட்டியிருப்பான். குறைத்த கையோடு சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தான், சரியா பிழையா என்று. உச்சியில் திரும்பவும் கியர் மாற்றினான். திரும்பவும் பார்த்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டு, முர்ஷித்," என்றேன்.