இருபது கோடு

குளியலறைக் கதவை முதுகால் அழுத்திக்கொண்டு, மஸ்னா பூனையின் காதை விரித்து ஓரத்தில் ஒரு குத்துக் குத்தினாள். ரத்தம் வரவில்லை. கட்டைவிரலால் காதைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி குத்தினாள். கடுகளவு துளி எழுந்தது. சர்க்கரை பார்க்கும் கருவி அதை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் யோசித்தது. பிறகு பதினாறு என்று காட்டியது.

கதவுக்கு அந்தப் பக்கம் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் நடுவே அவளுடைய அப்பா வெள்ளைத் துணிக்குக் கீழே நீட்டிப் படுத்திருந்தார். வயிற்றின்மேல் வழக்கப்படி ஒரு கத்தரிக்கோல். மையித்தைப் பூனை தாண்டினால் அது எழுந்து உட்கார்ந்துவிடும் என்று கூச்சிங் ஆற்றங்கரை வீடுகளில் பேச்சு வராத குழந்தைக்கும் தெரியும். அதிலும் கறுப்புப் பூனை. இதுவோ சோயா ரசத்தில் முக்கி எடுத்ததுபோல் கறுப்பு. அதனால்தான் அப்பா அதற்கு அந்த ரசத்தின் மலாய்ப் பெயரையே, கிச்சாப் என்று, வைத்தார். விடிகாலையில் தன் அண்ணன் தொழ எழவில்லையே என்று பார்க்கப் போன ஸைதா அத்தை, அழுவதற்கு முன் செய்த முதல் காரியம் பூனையைத் தூக்கிக் குளியலறையில் போட்டுத் தாழிட்டதுதான்.

"மஸ்னா, அந்தச் சனியன வெளிய விட்றாதடி," என்றாள் அத்தை வெளியிலிருந்து. "நான் போறப்போ அவர் மூஞ்சியில கால வச்சுப் பிராண்டிக்கிட்டு இருந்துச்சு. தூங்குறவர எழுப்புற மாதிரி. ராத்திரியெல்லாம் கத்துச்சு. பசின்னு நெனச்சு நானும் திரும்பிப் படுத்துட்டேன்."

"மருந்து நேரம் தாண்டிடுச்சு அத்தை."

"நல்லாருக்கு. மனுசன் போய்ட்டாரு, பூனைக்கு மணி தவறக் கூடாதாம். நீ அவருக்கே பொறந்தவதான். தன் விரலக் குத்தச் சொன்னா கோழி மாதிரி ஓடுவாரு. இதுக்கு மட்டும் ரெண்டு மணிக்கு ஒருக்கா காதக் குத்தி டாக்டரம்மாவுக்கு எண் அனுப்புவாரு."

அது உண்மைதான். பூனைக்குச் சர்க்கரை என்று தெரிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. காலையில் ஊசியில் ஒரு கோடு மருந்து, மாலையில் ஒரு கோடு என்று ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் கழித்து ஒன்றரை. இப்போது இரண்டு. அவசரப்படக் கூடாது, அரை அரையாகத்தான் ஏற்ற வேண்டும் என்று மிருக வைத்தியர் டாக்டர் சியூ சொல்லியிருந்தாள். அப்பா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷமாய்த் தன் உடம்பில் ஓடிய சர்க்கரையிடம் காட்டாத மரியாதையைப் பூனையின் சர்க்கரையிடம் காட்டினார்.

மஸ்னா கைப்பேசியில் டாக்டரைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னாள்.

"பதினாறா? நேத்து பதினொண்ணு இருந்துச்சே," என்றாள் டாக்டர். "நேத்து சாயங்காலம் ஊசி போட்டாங்களா இல்லையா? போட்டும் பதினாறுன்னா ரெண்டரைக்கு ஏத்தணும். விட்டுப்போயிருந்தா ரெண்டே போதும். ஊகத்துல ஏத்தக் கூடாது. பெரியவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்."

மஸ்னா ஈரத் தரையைப் பார்த்தாள்.

"அவர் படுத்திருக்காரு டாக்டர். நான் பாத்துச் சொல்றேன்."

ஓதுகிறவர்களின் முதுகுகளுக்குப் பின்னால் ஒட்டி நடந்து அப்பாவின் அறைக்குப் போனாள். போட்டு முடித்த ஊசிகளை அவர் ஒரு காப்பித்தூள் பாட்டிலில் சேர்த்துவைப்பார். வியாழக்கிழமை மதியம் அதைக் கிளினிக்கில் கொட்டிவிட்டு வருவார். நேற்று வியாழன். அப்படியென்றால் உள்ளே இருப்பது நேற்று மதியத்துக்குப் பிந்தியது மட்டும்.

பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே இரண்டு ஊசிகள். இரண்டுக்கும் சிவப்பு மூடி.

சிவப்பு மூடி பூனையுடையது. அப்பாடா, போட்டிருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் இரண்டு என்பது உறைத்தது. மறதியில் பூனைக்கே இரண்டு தடவை போட்டிருந்தால் அதற்குப் பதினாறு காட்டாது. அதுதான் செத்துக் கிடந்திருக்கும். அப்பாவின் ஊசிக்கு ஆரஞ்சு மூடி. கட்டிலடியில் ஆரஞ்சு மூடி ஊசிகளின் உறை காலியாக, நாலாய் மடித்துக் கிடந்தது.

நேற்று மாலை கொட்டும் மழையில், பாலத்தின் மேல் வண்டிகள் நகராமல் நின்றபோது அப்பா அவளைப் போனில் கூப்பிட்டிருந்தார்.

"மஸ்னா, என் ஊசி தீந்துடுச்சும்மா. கடை அடைச்சிட்டான். கிச்சாப்போடத எடுத்துக்கவா? அவன் கோச்சுக்க மாட்டான்."

"எல்லாம் ஒண்ணுதான்பா. புதுசாப் பிரிச்சுப் போட்டுக்கோங்க. நாளைக்கு வாங்கிட்டு வரேன்."

பேச்சை முடித்துவிட்டு முன்னால் நின்ற லாரிக்கு ஹாரன் அடித்தது நினைவிருந்தது. அதற்கும் முந்தியது ஒன்று இப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று வாரத்துக்கு முன் டாக்டர் சியூ அந்த ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாள். பூனையின் மருந்து நீர்த்தது, மனிதர்களுடையது அடர்த்தி. அதனால் இந்த ஊசியின் கோடுகள் அகலம். இதில் பெரியவரின் மருந்தை எடுத்தால் ஒரு கோட்டுக்கு இரண்டரைக் கோடு உள்ளே போய்விடும். கலக்கவே கூடாது. அப்பா அப்போது பூனையை மடியில் வைத்துக்கொண்டு காரில் இருந்தார். மஸ்னா தலையாட்டிவிட்டுப் பையில் சில்லறை தேடினாள்.

அப்பா இரவில் போடுவது இருபது கோடு.

இருபது. ஐம்பது. அவள் உதடுகள் தாமாக அசைந்தன.

"இங்கயா இருக்க?" தம்பி பூஜாங் வாசலில் நின்றான். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினான். "அடக்கத்துக்கு அனுமதி வாங்கியாச்சு. போலீஸ்காரர் நல்ல மனுசன். எப்படிப் போனாருன்னாரு. வயசு, சர்க்கரை, தூக்கத்துலன்னேன். சந்தேகம் ஏதும் உண்டான்னாரு. என்ன சந்தேகம்? அப்பாவுக்கு எதிரின்னா பக்கத்து வீட்டுச் சேவல் ஒண்ணுதான்."

"உண்டுன்னு சொல்லியிருந்தா?"

"ஆஸ்பத்திரியில அறுத்துப் பாப்பாங்க. அடக்கம் நாளைக்கோ நாளன்னைக்கோ." அவன் அவளைப் பார்த்தான். "ஏங்க்கா?"

மஸ்னா வாயைத் திறந்தாள். பாட்டில் முதுகுக்குப் பின்னால் அவள் கையில் இருந்தது. ஊசிகள் கண்ணாடியில் உரசிய சத்தம் அவளுக்குக் கேட்டது.

"பிள்ளைங்க எங்க? முகம் மூடப் போறோம்," என்று இமாம் கூப்பிட்டார்.

பூஜாங் போய்விட்டான். அவள் பாட்டிலைத் துணி அலமாரிக்குள், சட்டைகளுக்கு அடியில் செருகிவிட்டுப் போனாள். கஃபன் துணிக்கு நடுவே அப்பாவின் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. மூக்கின் மேல் மூன்று மெல்லிய கீறல்கள்.

"கண்ணீர் படாமப் பாத்துக்கோம்மா," என்றார் இமாம்.

அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள். நெற்றி ஆற்றுக் கல் மாதிரி இருந்தது. இப்போது சொல்லலாம். துணியை முடிச்சிடுவதற்கு முன். முடிச்சிட்ட பிறகும் சொல்லலாம், தூக்குவதற்கு முன்.

"வெள்ளிக்கிழமை, தூக்கத்துல, யாரையும் தொந்தரவு பண்ணாம," என்று அத்தை அவள் தோளைத் தடவினாள். "எத்தன பேருக்குக் கெடைக்கும் இந்த மௌத்து? கடைசியா உங்கிட்டதான பேசினாரு. என்னடி சொன்னாரு?"

சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"பூனையப் பத்திதான்," என்றாள் மஸ்னா.

யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். யாரோ அழுதார்கள். ஆண்கள் தூக்கினார்கள். வாசற்படியின் ஈரப் பலகைகள் ஒவ்வொன்றாய் முனக, ஜனாஸா படியிறங்கிப் போயிற்று.

சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் மூன்று பேர் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். அத்தை தொழுதுகொண்டிருந்தாள். கிச்சாப்பைத் திறந்துவிட்டாகிவிட்டது. அது கூடத்தின் நடுவில், பாய் விரித்திருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி முகர்ந்துவிட்டு அடுக்களைக்கு வந்தது. மஸ்னா மீனைப் பிசைந்து வைத்தாள். சாப்பிட்டால்தான் ஊசி. அது சாப்பிட ஆரம்பித்தது.

நேற்று ஊசி போட்டதைச் சொல்லி, டாக்டரிடம் இரண்டரை என்று கேட்டுக்கொண்டாகிவிட்டது. பெரியவர் எப்படி இருக்கார் என்ற கேள்விக்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை.

"இன்னைக்கி நான் போடறேன்க்கா. நீ காலையிலேர்ந்து உக்காரவே இல்ல," என்றான் பூஜாங். நகங்களில் இன்னும் கல்லறை மண் இருந்தது. குளிர்பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்தான். சிவப்பு மூடியைப் பல்லால் கடித்து உருவி, ஊசியை மருந்துக்குள் இறக்கினான். "எத்தன கோடு?"

அவன் கையில் இருந்தது அப்பாவின் மருந்து.

மஸ்னா அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். மருந்துக் குப்பி தெறித்துச் சிமெண்டுத் தரையில் சிதறியது. புண்ணுக்குப் போடும் மருந்தின் வாடை அடுக்களை முழுக்கப் பரவியது. பூனை துள்ளி விலகியது.

"அது அப்பாவோடது!"

"தெரியாம எடுத்துட்டேன். அதுக்கு ஏங்க்கா இப்படி..."

அவன் நிறுத்தினான். கையில் ஊசி இருந்தது. அதைப் பார்த்தான். தரையில் கிடந்த சிவப்பு மூடியைப் பார்த்தான். பிறகு, சந்தேகம் உண்டென்று சொல்லியிருந்தால் என்று காலையில் கேட்டவளைப் பார்த்தான். அடுத்த அறையில் அத்தை ஸலாம் கொடுத்து முடிக்கும் சத்தம் கேட்டது.

மஸ்னா பூனையைத் தூக்கி மார்போடு பிடித்துக்கொண்டாள், கண்ணாடி அதன் காலில் குத்திவிடாமல்.

பூஜாங் ஊசிக்குச் சிவப்பு மூடியைப் போட்டுத் தள்ளிவைத்தான். கண்ணாடித் துண்டுகளை வெறும் விரலால் பொறுக்கிக் குவித்தான். துணியை நனைத்து வந்து முழங்காலிட்டுத் தரையைத் துடைத்தான். ஈரம் போய்விட்டது. அவன் அதே இடத்தை மறுபடி துடைத்தான். மறுபடியும்.