பெட்டிக்காரன் செய்த மேசை

“அந்தச் சாமானை வாசப்படிக்கு இங்கிட்டு வைக்காதீங்க. சொல்லிட்டேன்.”

“புதுப் பலகை அத்தை. மர டிப்போவில வாங்கின பலா. பெட்டி செய்ற பலகைன்னா நான் கொண்டே வந்திருக்க மாட்டேன்.”

“யாருக்கு யாரு அத்தை?”

ஞானேஸ்வரியின் குரல் மூன்றாவது வீடு வரை கேட்டது. நான்காவது வீட்டுக்காரர்கள் சரியாகக் கேட்காததால் வெளியே வந்து நின்றார்கள். குண்டசாலையில் அந்தச் சந்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறென்ன வேலை? ரவிகுமார் முற்றத்து வெயிலில், சின்ன மேசையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான். முப்பத்தாறு வயது. தேய்த்த வெள்ளைச் சட்டை. அவசரமாகச் சவரம் செய்த கன்னத்தில் ஒரு கீறல்.

விஷயம் இதுதான். மேசை, கதிரை செய்கிற ‘தளபாட வேலை’ என்று சொல்லித்தான் தரகர் இவனை ஞானேஸ்வரியின் மகள் டிலானிக்குப் பேசினார். பேராதனையில் மருந்துக்கடையில் நிற்கும் டிலானிக்கும் முப்பத்திரண்டு ஆகிவிட்டதால் வீட்டில் யாரும் அதிகம் விசாரிக்கவில்லை. அந்தக் குறையைப் பக்கத்து வீட்டு நஸ்லியா தீர்த்துவைத்தாள். மாப்பிள்ளை கட்டுகஸ்தோட்டையில் இறுதிச்சடங்கு நடத்தும் ஒரு மலர்ச்சாலைக்குப் பிரேதப் பெட்டி செய்கிறவன் என்று மடவளை பஸ்ஸில் கேள்விப்பட்டு, இறங்கின கையோடு வந்து சொல்லிவிட்டாள். பெட்டியும் ஒரு தளபாடம்தானே என்றார் தரகர். அதன் பிறகு அவரைச் சந்துப் பக்கம் காணவில்லை.

இதே காரணத்தால் ரவிகுமாருக்கு ஏற்கெனவே மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. டிலானி மட்டும்தான் போனை எடுத்தாள். “வீட்டுக்குன்னு ஏதாவது செஞ்சு கொண்டு வாங்க. அம்மா கண்ணால பாத்தா மனசு மாறும். அவங்க வேணாம்னா என்னால மீற ஏலாது,” என்றாள். ஒரு படமும் அனுப்பினாள். கதிரைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற சின்ன மேசை; நாலு காலும் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது.

மூன்று வாரம் வாடகை அறையில் அதோடு மல்லுக்கட்டினான். அட்டையில் கால் வரைந்து வெட்டி, சுவரோடு வைத்துப் பார்த்தான். நேர்க்கால் என்றால் கண்ணை மூடிக்கொண்டு துளை போடுவான். சாய்ந்த காலுக்குத் துளையும் சாய வேண்டும். வலதுக்கு ஒரு விதம், இடதுக்கு ஒரு விதம். முதல் தடவை நாலு காலும் ஒரே பக்கம் சாய்ந்து, காற்றை எதிர்த்து நடக்கிற ஆட்கள் மாதிரி நின்றன. மறுபடி அறுத்தான். கால்களை இணைக்கும் பக்கப் பலகைகளையும் அதே கணக்கில் வெளியே சரித்தான். படத்திலிருந்த சாய்வு ஏனோ கண்ணுக்குப் பிடிபடவில்லை. கை தானாக வேறொரு சாய்வில் வந்து நின்றது. அதுவே அழகாகப் பட்டது. சமதரையில் நிறுத்தி, காலடிகளுக்குப் பென்சிலால் கோடிட்டு அறுத்து முடித்தபோது மேசை நூலளவும் ஆடவில்லை. அன்றைக்கு அவன் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான் என்று அறை கொடுத்த வீட்டுக்காரி பிற்பாடு சொன்னாள்.

“பலாதான் அக்கா, மஞ்சள் தெரியுதே,” என்றாள் நஸ்லியா மதிலுக்கு மேலால். கொளுத்திப்போட்டவளே தண்ணீரும் ஊற்ற வந்துவிட்டாள். “உள்ள வைக்கச் சொல்லுங்க, பாவம், கை வலிக்கும்.”

ரவிகுமார் டிப்போ பில்லை நீட்டினான். ஞானேஸ்வரி அதை இரண்டு தடவை படித்தாள். கண்ணாடி போடாமல் என்ன படித்தாளோ.

“சரி, உள்ள வைங்க. பாக்கிறேன்.”

டிலானி ஓடிவந்து கதிரையை இழுத்துப் போட்டாள். ஞானேஸ்வரி உட்கார்ந்து மேசையை ஆட்டிப் பார்த்தாள். “ஆட்டமில்லதான்,” என்றாள். ரவிகுமாருக்கு முகூர்த்தநாள் குறித்த மாதிரி இருந்தது. டிலானி நீட்டிய தேத்தண்ணிக் கோப்பையை அதில் வைத்தாள். பிறகு கை மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கி, சரிந்த பலகையில் தங்கியது. ஒருமுறை மேலே போனது. திரும்பக் கீழே வந்தது.

“டிலானி.” சந்து இரண்டடி நெருங்கி வர வேண்டியிருந்தது, குரல் அவ்வளவு சிறுத்துவிட்டது. “அப்பாவோட பெட்டி இப்படித்தானே சரிஞ்சிருந்துச்சு?”

போன வருடம் அவள் புருஷனைக் கூடத்தில் கிடத்தியிருந்த இரண்டு நாளும் அவள் கை பெட்டியின் பக்கத்தை விடவில்லை. சந்தே பார்த்தது.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தரகராக இருந்தால் சொல்லியிருப்பார். ரவிகுமார் குனிந்து பலகையில் தன் கையை வைத்துப் பார்த்தான். பதின்மூன்று வருடமாகப் பெட்டிகளில் அவன் தினமும் தடவிய சாய்வு.

“கை அப்படிப் போயிருச்சு அத்தை. எனக்கே தெரியல. வேற மாதிரி செஞ்சு கொண்டு வர்றேன்.”

“அத்தை”க்கு இந்தத் தடவை அவள் கோபிக்கவில்லை. முடிவு என்னவென்று அவன் அதிலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

“நீங்க நல்ல பிள்ளை தம்பி. ஆனா இந்தக் கை என் மகளுக்குத் தாலி கட்ட வேணாம்.”

அவன் டிலானியைப் பார்த்தான். அவள் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையைத் தூக்கிக்கொண்டு, சாவு வீட்டிலிருந்து புறப்படுகிறவர்களைப் போல, போய்வருகிறேன் என்று சொல்லாமலே படியிறங்கினான்.

ஆவணியில் டிலானிக்குக் கலியாணம் நடந்தது. கம்பளையில் போன் கடை வைத்திருக்கும் நடராஜா. முதல் மனைவி உயிரோடு இல்லை, இரண்டு பிள்ளைகள். ஞானேஸ்வரியும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகளோடு போய்விட்டாள். பெட்டிக்காரன் குடியிருக்கிற வீடு என்றால் தன் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் யோசிப்பார்கள் என்று, ரவிகுமாருக்கு அறை கொடுத்திருந்தவள் அவனை அறையை விடச் சொன்னாள். இப்போது மலர்ச்சாலையின் பின்னறையிலேயே படுத்துக்கொள்கிறான். பெண் பேச யாரும் வருவதில்லை, அவனும் கேட்பதில்லை. அறை கொடுத்திருந்தவளின் மகள் அடுத்த தை மாதமே கலியாணமாகி மாத்தளைக்குப் போய்விட்டாள்.